உலகில் இங்கு மட்டும்

ஊர் எல்லையில் எழுப்பியிருந்த புது வளைவில் கடைசி எழுத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நொயெமி சென்தேனோ லாரியிலிருந்து இறங்கினாள். ஓட்டுநர் வண்டியை வளைவுக்கு அடியிலேயே நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டி, பூசையில் வாசகம் படிப்பவன் போல நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"சுர்க்கிப்பம்பாவின் கொமாத்ரேஹா. உலகில் இங்கு மட்டும்."

படித்துவிட்டு அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "எல்லாம் உங்க புண்ணியம் டாக்டரம்மா. வியாழக்கிழமை திறப்பு விழா. ஊரே அல்லோலகல்லோலப்படுது."

நொயெமி கூண்டு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏணிமேல் நின்ற வர்ணக்காரனுக்குக் கையசைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வளைவைக் கடந்தாள்.

அவள் விலங்கியல்காரி. தரீஹா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேலை. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்ன ஜீவனைத் தேடி இந்தப் பள்ளத்தாக்கில் அலைந்தே பாதி வயதைக் கழித்தவள். பார்க்க எலி மாதிரி இருக்கும். ஆனால் எலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒப்போசம் குடும்பத்தில் கடைக்குட்டி. கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம் என்றாலும் வயிற்றில் பை கிடையாது. குட்டிகள் தாயின் மடியைக் கவ்விக்கொண்டு திராட்சைக் கொத்துப்போலத் தொங்கிக்கொண்டே போகும். கண்ணைச் சுற்றி மை தீட்டினாற்போல் கறுப்பு. மழைக்காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பையெல்லாம் வாலில் அடைத்துவைத்துக் குளிர்காலத்தை ஓட்டிவிடும். பெண்கள் கூடை மாற்றிக்கொண்டு ஆயுசுக்கும் உறவாகிக்கொள்கிறார்களே, அந்த உறவுக்குக் கொமாத்ரே என்று பேர். இந்தப் பிராணிக்கும் அதிலிருந்தே செல்லமாகக் கொமாத்ரேஹா என்று பேர் வந்தது.

எந்தக் காலத்திலோ கோவேறு கழுதையில் வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் சுர்க்கிப்பம்பாவில் கூடாரம் போட்டு, ஒரு கொமாத்ரேஹாவைப் பிடித்து, தோலைக் கடல் தாண்டி அனுப்பினார். அங்கிருந்த பண்டிதர் இது உலகத்துக்கே புதுசு என்று சொல்லி, லத்தீனில் இந்த ஊரின் பேரையே அதற்கு வைத்துவிட்டார். ஊருக்கு அது தெரியவே தெரியாது. நொயெமி மாணவியாக முதல்முதலில் வந்தபோது ஊரார் மரியாதையாகத் தோன்யா என்று அழைக்கும் பெத்ரோனாவின் அடுப்படியில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கால்பந்துக் குழுவுக்குக் கொமாத்ரேஹா என்று பேர் வைத்தார்கள். ரொட்டிக்காரர் கொழுத்த வாலோடு ரொட்டி சுட்டார். மாதா கோயிலுக்கு எதிரே சிலை நின்றது. அதைச் செய்தவர் அதுவரை புனிதர்களையும் காளைகளையும் மட்டுமே செய்து பழகியவர். ஆகவே கொமாத்ரேஹாவுக்குப் புனிதரின் முகமும் காளையின் தோளும் வாய்த்துவிட்டன. எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தோஷம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் எல் மோயே ஊர்க்காரர்களைச் சீண்டுவதில் இருந்தது. பந்தாட்டத்துக்கு அவர்கள் வந்தால் போதும், "உங்க ஊரு பேருல ஒரு கொசுவாச்சும் உண்டா?" என்று கைதட்டிப் பாடுவார்கள். எல் மோயேக்காரர்களுக்குப் பதில் பாட்டு கிடைத்ததேயில்லை.

இப்போது நொயெமியின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது இதுதான்: எல் மோயேவுக்கும் ஒன்று உண்டு.

அங்கிருந்தும் ஒரு தோல் போயிருந்தது, வேறொருவர் கையால், வேறொரு அருங்காட்சியகத்துக்கு, இன்னும் முன்னதாக. வெளுத்துப்போன ஒற்றைத் தோல். அதற்கும் எல் மோயேவின் பேரைச் சேர்த்து லத்தீனில் ஒரு பேர் வைத்தார்கள். உயிரோடு யாரும் பார்த்ததில்லை என்பதால், அது வேறு இனம், அற்றுப்போயிருக்கும் என்று எல்லாரும் மறந்துபோனார்கள். போன வருஷம் நொயெமி எல் மோயேவின் அத்தித் தோப்பு ஓரத்தில் கூண்டு வைத்தாள்; விழுந்தது. மண்டையோட்டை அளந்து, காது நுனியில் கிள்ளிய துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பி, நாலு தேசத்து அருங்காட்சியகத் தோல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒன்றேதான். ஒரு பிராணிக்கு இரண்டு பேர் இருந்தால் முதலில் வைத்த பேர்தான் நிற்கும் என்பது அந்தத் துறையின் சட்டம். அழுது புரண்டாலும் மாறாது. எல் மோயேவின் பேர் மூத்தது. சுர்க்கிப்பம்பாவின் பேர் இனிமேல் செல்லாது.

கட்டுரை வெளிவந்துவிட்டது. வானொலிக்காரன் மோப்பம் பிடிக்குமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடி வந்திருந்தாள்.

பெத்ரோனா கரேக்கா முற்றத்து மண் அடுப்புக்கு முன்னால் வியாழக்கிழமை ரொட்டிகளை வெந்தும் வேகாமலும் திருப்பிக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், காதோரம் ஒரு செம்பருத்தி. கார்னிவலுக்கு முந்தின வியாழன் பெண்களின் நாள். கூடையில் ரொட்டியும் பழமும் திருநீற்றுப்பச்சையும் அடுக்கி, கொமாத்ரே ஆக்கிக்கொள்ள விரும்புகிறவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எட்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் பெத்ரோனா நொயெமியை வளைத்துப்போட்டிருந்தாள்.

"வாங்க கொமாத்ரே, வாங்க! வளைவு பாத்தீங்களா? எழுத்து எப்படி, கண்ணுல குத்துதா?"

"குத்துது கொமாத்ரே" என்றாள் நொயெமி, உண்மையாகவே. மூட்டையை இறக்கினாள். பெத்ரோனா தட்டில் வைத்து நீட்டிய பீச்சுப் பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிக்கக் கூடாது."

"கல்யாணமா?"

"இல்ல."

"அப்போ அடிக்கற விஷயந்தான். சொல்லுங்க."

நொயெமி சொன்னாள். சுற்றி வளைக்காமல், ஆனால் எளிமையாகச் சொன்னாள். ஒரே குழந்தைக்குத் தெரியாத்தனமாக இரண்டு கோயிலில் இரண்டு தடவை ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் எப்படியோ அப்படி என்றாள்.

"சரி, முதல்ல வெச்ச பேருதான் பேரு. அது நியாயந்தானே" என்றாள் பெத்ரோனா ரொட்டியைத் திருப்பியபடி. "முதல் ஞானஸ்நானம் எந்த ஊரு?"

"எல் மோயே."

ரொட்டி அடுப்புக்குள் விழுந்தது. பெத்ரோனா அதை எடுக்கவில்லை.

"எல் மோயேயா?"

"ஆமா."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற எல் மோயேயா? வேற எங்கயாச்சும் இன்னொரு எல் மோயே இருக்கா?"

"இல்ல கொமாத்ரே."

"எத்தன வருஷம் மூத்தது?"

"ஆறு."

"ஆறு வருஷம்!" பெத்ரோனா அடுப்புக் கரண்டியைத் தரையில் ஊன்றி எழுந்தாள். "அந்தக் கழுதைக்காரன் கொஞ்சம் வெரசா வந்திருக்கக் கூடாதா? வழியில எந்த வீட்டுல குடிச்சிட்டுக் கிடந்தான்?" முற்றத்தில் நாலு எட்டு நடந்தாள். திரும்பினாள். முகம் மாறியிருந்தது. "டாக்டரம்மா, நீங்க கை கழுவிட்டு உக்காருங்க. சாப்பாடு போடறேன்."

கொமாத்ரே என்று சொல்லவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக டாக்டரம்மா என்றாள். காரமாகச் சமைத்த கறியும் சோறும் வழக்கம்போலத் தட்டு நிறைய வந்தன. நொயெமிக்குத்தான் இறங்கவில்லை.

பொழுது சாயுமுன் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் கூடிற்று. ஊர்த்தலைவர் தோன் செராப்பியோ தோலாபா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வளைவு அவர் யோசனை. அந்த வாசகத்தையும் அவரே குளிக்கும்போது கண்டுபிடித்ததாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, உங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு" என்று ஆரம்பித்தார். "ஆனா எல் மோயேக்காரங்க நல்ல ஒயின் ஊத்துவாங்கன்னும் தெரியும்."

கூட்டம் சிரித்தது. நொயெமிக்குக் காது சிவந்தது.

"நான் ஒரு கிண்ணம்கூடக் குடிக்கல தோன் செராப்பியோ. நான் பாத்ததத்தான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணு."

"எங்க கொமாத்ரேஹாவ நான் குழந்தையிலேருந்து பாக்குறேன். நூறு எலிக்கு நடுவுல விட்டாலும் இதுதான்னு எடுப்பேன். அவனோடதையும் நம்மளோடதையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பாத்த மாத்திரத்துல சொல்லிடறேன் எது யாருதுன்னு. என்னால முடியலைன்னா, நீங்க சொல்றத ஒத்துக்கறேன்."

"வைக்கிறேன்" என்றாள் நொயெமி.

"கூண்டு வைக்க நானும் கூட வருவேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. பெத்ரோனா. "எல் மோயேக்காரிங்க ஏதாச்சும் சாயம் பூசிக் குடுத்துட்டா?"

மறுநாள் மத்தியானம் இருவரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்தார்கள். மழைக்காலம், தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது.  பெத்ரோனா எல் மோயேவில் கால் வைத்தே பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு பந்தாட்டத்தில் பந்து எல்லை தாண்டிப் போய் தோன்யா பசிலியாவின் அத்தித் தோப்பில் விழுந்தது. பசிலியா அதைத் திருப்பித் தரவில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் வேறு. அன்றோடு பேச்சு நின்றது.

பசிலியா தோப்பு வாசலில் அத்திப்பழம் உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒல்லியான, வறண்ட பெண். நாக்கு மட்டும் ஈரம் காயாதது. அவளுக்குப் பக்கத்தில், பாதியாக வெட்டிய பழைய கால்பந்து ஒன்றில் கோழிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். பெத்ரோனா அதைப் பார்த்தாள். பசிலியா அவள் பார்த்ததைப் பார்த்தாள்.

"நல்ல தோல்" என்றாள் பசிலியா. "ஒழுகவே இல்ல."

நொயெமி அவசரமாக இடையில் புகுந்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே பெத்ரோனாவை ஓரக்கண்ணால் கவனித்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள், எதிரி துள்ளிக் குதிக்கப்போவதைப் பார்க்க மனதைத் தேற்றிக்கொண்டு.

பசிலியா துள்ளவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு? என் அத்திப்பழத்தக் கடிச்சுக் கடிச்சுப் போடுதே, அந்தத் திருட்டு மூதேவிக்கா எங்க ஊரு பேரு?"

"அது வந்து தோன்யா பசிலியா, உலகத்துல எல்லா விஞ்ஞானிகளும் இனிமே..."

"வேணாம்! எல் மோயேன்னா திராட்சைக்குப் பேர் போன ஊரு. நீ எலிக்குப் பேர் போன ஊருன்னு ஆக்கிட்டியா? என் மருமக ஊர்க்காரங்க கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்? அழிச்சுடு அத."

"அழிக்க முடியாதுங்க. சட்டம்."

"அப்போ அவங்களுக்கே குடுத்துடு. அந்த ஊருல பன்னி மாதிரி ஏதோ ஒண்ணுக்குச் சிலை வெச்சவங்கதானே? எலியும் இருக்கட்டும்."

"எலின்னு சொல்லாத!"

பெத்ரோனாதான். ஆற்றங்கரைக் கொக்குகள் பறந்துபோகிற அளவுக்குக் குரல். பசிலியாவும் நொயெமியும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எலியாம்ல எலி! எலி உன் வீட்டுத் துணிய அரிக்கும், மூட்டையக் கடிக்கும். இது என்னடி பண்ணுது? ராத்திரி பூரா தேளையும் வெட்டுக்கிளியையும் தேடித் தேடித் தின்னுது. உன் திராட்சைக்கொடி இலையோட நிக்குதுன்னா யாரால நிக்குது? உன்னாலயா?"

"எனக்குத் தெரியாதே" என்றாள் பசிலியா, சற்றுப் பின்வாங்கி.

"உனக்கு என்னதான் தெரியும்? அம்மாக்காரி பத்துப் பன்னெண்டு குட்டியத் தூக்கிட்டு அலையும். ஒண்ணு கீழ விழுந்தா நின்னு திரும்பிப் பாக்கும். வளந்த பொறகு முதுகுல ஏத்திக்கும். ஒரு தொட்டில் கிடையாது, ஒரு பை கிடையாது. நீ ஒருத்தனப் பெத்துட்டு மூணு மாசம் படுத்தே கிடந்தியே!"

"அது பிரசவம் சிக்கல்."

"அந்த வால் இருக்கே வால். மழைக் காலத்துலயே அடுத்த குளிருக்குச் சேத்து வைக்க ஆரம்பிச்சுடும். எவ்வளவு முன்யோசனை! மனுஷனுக்கு வருமா அது? எங்க வீட்டுக்காரருக்கு வருமா?"

  நொயெமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் மாணவர்களுக்கு ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் பெத்ரோனா மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

பசிலியா மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணுக்கு மை தீட்டுன மாதிரி இருக்குமே, அதுதானே?"

"அதேதான்."

"அழகாத்தான் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆக உலகத்துல எங்க போனாலும், பெரிய பெரிய படிச்சவங்கல்லாம், எல் மோயேன்னுதான் இதச் சொல்லணும்."

"ஆமா" என்றாள் நொயெமி.

"சுர்க்கிப்பம்பாவுல புடிச்சாக்கூட?"

"அங்க புடிச்சாலும்."

பசிலியாவின் வறண்ட முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு முளைத்தது. எழுந்து கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். "கூண்ட எங்க வைக்கணும்? வாங்க, அந்த மூலை மரத்துலதான் ஜாஸ்தி வரும். பாத்து நடங்க, பயந்துடப் போகுது."

அப்போதுதான் பெத்ரோனாவுக்கு உறைத்தது. வேண்டாம் வேண்டாம் என்றவளிடம், தன் வாயாலேயே, கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். நொயெமியைப் பார்த்தாள். நொயெமிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். பெத்ரோனா ஒரு கணம் முறைத்தாள். பிறகு அவளுக்கும் உதடு கோணியது.

"என்னத் தடுத்திருக்கலாம்ல கொமாத்ரே?" என்றாள்.

கொமாத்ரே. நொயெமிக்கு அந்த ஒரு சொல்லில் இரண்டு நாள் பாரம் இறங்கியது.

விடியற்காலையில் நொயெமியும் பெத்ரோனாவும் கூண்டுகளைப் பார்க்கப் போனார்கள். பசிலியா இரவெல்லாம் தூங்கவில்லை போலும். அவர்கள் வருமுன்பே தோப்பில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். முதல் கூண்டில் ஒரு தாய். நொயெமி துணிப் பைக்குள் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இளஞ்சிவப்பாக, மொச்சைக்கொட்டை அளவில், அசைந்துகொண்டு குட்டிகள்.

"ஐயோ, என் தாயே" என்றாள் பசிலியா, குரலே எழும்பாமல்.

"சொன்னேனா இல்லையா?" என்றாள் பெத்ரோனா. அவளும் கிசுகிசுத்தாள்.

தாயை நொயெமி அங்கேயே மரத்தடியில் விட்டுவிட்டாள். பால் கொடுக்கிறதை ஊர்வலம் கொண்டுபோகக் கூடாது. அடுத்த கூண்டில் விழுந்திருந்த ஆணை எடுத்துக்கொண்டாள். ஆற்றைத் தாண்டி, சுர்க்கி முள்மரக் காட்டில் வைத்த கூண்டுகளில் இன்னொரு ஆண் கிடைத்தது. பசிலியா தன் ஊர்க் கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்க புள்ள தனியா வராது, நானும் வரேன்" என்று கூடவே சுர்க்கிப்பம்பாவுக்குள் நுழைந்தாள்.

சிலைக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. அக்கரையிலிருந்தும் ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பசிலியா சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுவா அது? மாசமா இருக்குற காளை மாதிரி இருக்கு" என்றாள். எல் மோயேக்காரர்கள் அந்தச் சொல்லைக் கூட்டத்தின் கடைசிவரை கடத்திவிட்டார்கள்.

மேசைமேல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். நொயெமி திரும்பி நின்று, துணி மறைவில் ஒவ்வொன்றிலும் ஒன்றை விட்டாள். தோன் செராப்பியோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டும் பெரிய கறுப்புக் கண்ணால் அவரைப் பார்த்தன. ஒன்று முகத்தைக் கழுவிக்கொண்டது. 

"இது" என்று வலது பெட்டியைத் தட்டினார். "இது நம்ம புள்ள. முகத்துல ஒரு கம்பீரம் தெரியுது பாருங்க. நிக்கிற நிலையப் பாருங்க. அந்தா அது இருக்கே, அதுக்குக் களவாணி முழி."

"தோன் செராப்பியோ" என்றாள் பசிலியா பணிவாக, "அந்தக் கம்பீரம் என் அத்திப்பழத்தத் தின்னு வளந்த கம்பீரம்."

அவர் நொயெமியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

 எங்கிருந்தோ ஒருத்தி 'க்ளுக்' என்றாள். அவ்வளவுதான், கூட்டமே வெடித்தது. இக்கரை, அக்கரை வித்தியாசமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோன் செராப்பியோ தாக்குப்பிடித்துப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார். "ஒண்ணேதான். ஆனா டாக்டரம்மா, மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. நேத்து வரைக்கும் உலகத்துக்கே ஒரே வீடா இருந்தோம். இப்போ பாதி வீடாயிட்டோம்."

"பாதியெல்லாம் இல்ல" என்றாள் நொயெமி. பையிலிருந்து ஒரு பெரிய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு பீச்சுப் பழத்தை வைத்தாள். "பழைய புத்தகத்துல உங்களுக்கு ஒரு புள்ளி, அவங்களுக்கு ஒரு புள்ளி. ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்ச பொறகு, மத்த இடத்துல புடிச்சதையெல்லாம் மறுபடி பாத்தேன். அதுலயும் பாதி இதுதான். வேற பேருல கிடந்துது. பாருங்க."

மலைச்சரிவுகளின் வறண்ட பக்கமாகவே புள்ளிகள் போயின. வடக்கே ஒரு வரிசை. தெற்கே எல்லையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள்ளும். தலைகள் முட்டிக்கொண்டன.

"இது என் தங்கச்சியக் கட்டிக் குடுத்த ஊராச்சே!"

"இந்தாப் பாரு, இங்கதான் என் வண்டி படுத்துக்கிச்சு. மூணு நாளு கிடந்தேன். ஒண்ணு கண்ணுல படலியே."

"நீ எங்க வண்டிக்கு வெளிய வந்த?"

"எல்லை தாண்டிக்கூட இருக்கா? பாஸ்போர்ட்டு?"

தோன் செராப்பியோ விரலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார். வடகோடியில் ஆரம்பித்துத் தென்கோடியில் நிறுத்தினார். "இவ்வளவு பேரா சொந்தக்காரங்க" என்றார் தனக்குள். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஏதோ குளியலறை யோசனை பிறந்துவிட்டது தெரிந்தது. "எல்லாப் புள்ளியையும் அடுத்த வருஷம் இங்க கூப்புடுவோம். கொமாத்ரே வியாழனுக்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கூடையோட வரட்டும். பேரு எல் மோயேக்காரன் கிட்ட இருக்கலாம். சிலை நம்ம கிட்டதானே இருக்கு?"

"அந்தச் சிலையப் பாக்கவா வருவாங்க?" என்று எவனோ கேட்டான். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வர்ணக்காரனை மறுபடி ஏணியேற்றினார்கள். 'இங்கு மட்டும்' என்பதை வெள்ளை அடித்து மறைத்துவிட்டான். பார்த்தால் ஏதோ பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. காலி இடத்தில் என்ன எழுதுவது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 'இங்கும்' என்று எழுதிவிட்டுப் போயேன் என்றாள் பெத்ரோனா. அப்படியே எழுதினான். 'உலகில் இங்கும்.' தோன் செராப்பியோ தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, முன்னதைவிட அடக்கமாக, மரியாதையாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

இரவு மேலே மலையில் மழை கொட்டியிருக்க வேண்டும். வியாழன் காலை ஆறு கரை புரண்டு போயிற்று. வளைவைத் திறந்து, துந்துபி அடித்து, பெண்களெல்லாம் பூவும் திருநீற்றுப்பச்சையும் சூடிக்கொண்டு கூடைகளோடு தெருவில் இறங்கினார்கள். பெத்ரோனா இந்த வருஷம் இரண்டு கூடை கட்டியிருந்தாள். ஒன்று வழக்கம்போல நொயெமிக்கு. இன்னொன்று யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, நொயெமியும் கேட்கவில்லை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு பெத்ரோனா ஆற்றங்கரைக்குப் போனாள். தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

"நாளைக்குப் போலாமே கொமாத்ரே" என்றாள் நொயெமி.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை குடுத்தா அது வெறும் ரொட்டி."

அப்போது அக்கரையிலிருந்து மணல் அள்ளும் டிராக்டர் ஒன்று உறுமிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பின்னால் இழுவையில் எல் மோயேப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், கையைக் கோத்துக்கொண்டு பாடிக்கொண்டு, அலை அடிக்கும்போதெல்லாம் கத்திக்கொண்டு. நடுவில் பசிலியா, முழங்கால்களுக்கிடையில் ஒரு கூடையை இடுக்கிக்கொண்டு, பிடித்துவைத்த பூனை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

டிராக்டர் கரையேறியது. பசிலியா நனைந்த பாவாடையோடு இறங்கினாள். இரண்டு பேரும் எதிரெதிரே, ஆளுக்கொரு கூடையோடு நின்றார்கள். யார் முதலில் நீட்டுவது என்று தெரியவில்லை. இதிலும் முந்தினவளுக்குத்தான் பேர் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்; ஒரே சமயத்தில் நீட்டினார்கள். கூடையும் கூடையும் மோதிக்கொண்டு ஓர் அத்திப்பழம் உருண்டு ஆற்றுக்குள் போனது.

கட்டிக்கொண்டார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நொயெமிக்குக் கண் நிறைந்தது.

கொமாத்ரே ஆகிவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து நீ, வா, போ கிடையாது. சாகும்வரை நீங்கள், வாங்கள்தான். சிறு வயசுத் தோழியானாலும் அப்படித்தான். இரண்டு பேரும் அது ஞாபகம் வந்து ஒரு கணம் திணறினார்கள்.

"வந்தீங்களா... கொமாத்ரே" என்றாள் பெத்ரோனா, நாக்கு இடறி.

"வந்துட்டேன் கொமாத்ரே. நீங்க வருவீங்கன்னு பாத்தேன். நீங்கதான் தண்ணியக் கண்டு பயந்து நின்னுட்டீங்க போல."

"நான் பயந்தேனா? நீங்க கண்ண மூடிக்கிட்டு வந்தீங்களே, அத நான் பாத்தேன் கொமாத்ரே."

"உங்களுக்குச் சின்ன வயசுலேருந்தே பார்வை சரியில்ல கொமாத்ரே, உங்க மேல மரியாதையோட சொல்றேன்."

"மரியாதையோடயே கேட்டுக்கிறேன், அந்தப் பந்து எப்போ குடுக்கப் போறீங்க?"

"கோழிங்க இப்போதான் தண்ணி குடிச்சுப் பழகியிருக்கு. அதுங்க மனசு நோகக் கூடாது பாருங்க."

பேசிக்கொண்டே, ஒருத்தி கையை ஒருத்தி விடாமல், இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். பின்னால் துந்துபிக்காரன் அடிக்க ஆரம்பித்தான். நொயெமி தன் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். கொழுத்த வால் பக்கமாக ஒரு கடி கடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள்.